78,000 வெள்ளிக்கு வாங்கிய மூன்று லட்சத்துக் கார்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் ஒரு பழைய சொகுசுக் காரை 78,000 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மூன்று வருஷத்தில் சர்வீஸ், ரிப்பேர், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 22,750 வெள்ளி. ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், பெட்ரோல், டோல் எதுவும் இதில் இல்லை. மாசத்துக்கு 630 சொச்சம் வருகிறது, தவணை 1,175 தனி. போன மாசம் சும்மா ஒரு பழைய கார் வியாபாரியிடம் விலை கேட்டுப் பார்த்தேன், காரை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காமல் 42,000 என்றார்.

இதற்கு மேலும் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் பழைய சொகுசுக் கார் ஆசை இருக்கிறது. சரி, சொல்கிறேன்.

கார் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் அந்தக் கம்பெனியைத் திட்டுவார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவார்கள். ஜெர்மன் கார், 2014 மாடல், இரண்டு லிட்டர் டர்போ, எட்டு கியர், நாலு கதவு செடான், நான் வாங்கும்போது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதுசாக இருந்தபோது விலை மூன்று லட்சத்துக்கு மேல். கூலிமிலும் பெக்கானிலும் வைத்து மலேசியாவிலேயே பாகங்களைக் கோத்துச் செய்கிற ஜெர்மன் கார்களுக்குக்கூட அந்த விலைதான், நம் நாட்டு கலால் வரி அப்படி. எட்டு வருஷம் கழித்து அதே கார் ஒரு புது ஹோண்டா சிட்டியின் விலைக்கு வந்து நிற்கும்போது மனுஷனுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். எனக்குத் தடுமாறியது.

வாங்கின அன்றைக்கு நேராகக் கோர்ட்டுமலை பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். பூஜை போட்டு, பானெட்டில் சந்தனம் வைத்து, நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் நிற்கிறார். அப்பா பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் 27 வருஷம் டிரைவர். லோரி ஓட்டியிருக்கிறார், பெரிய அதிகாரிகளுக்கு காரும் ஓட்டியிருக்கிறார். அவர் எதுவும் பேசவில்லை. பின்கதவைத் திறந்தார், மூடினார். தும். மறுபடி திறந்து மூடினார், இந்தத் தடவை மெதுவாக. அப்போதும் அதே தும். மூன்றாவது தடவை மூடிவிட்டு, "கதவு நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாவிடம் அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

அந்தக் கதவு இன்றைக்கும் அப்படித்தான் மூடுகிறது. 22,750 வெள்ளியில் கதவுக்கென்று ஒரு சென்கூடப் போகவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நான் செய்த முதல் தப்பு, வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமை நம்பினது. பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை கட்டாயம், கார் பாஸ், ஆகவே கார் நல்ல கார் என்று நினைத்துக்கொண்டேன். பி5 என்பது இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், கண்ணாடியின் கறுப்பு அளவு மாதிரி விஷயங்களைப் பார்த்து இது இந்தக் கார்தான் என்று உறுதி செய்வதற்கு. எண்ணெய் எங்கே கசிகிறது, கியர்பாக்ஸ் என்ன நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. 300 வெள்ளி கொடுத்து விவரம் தெரிந்த ஒரு பட்டறை ஃபோர்மனிடம் முதலிலேயே தூக்கிக் காட்டியிருந்தால், வாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், விலையில் ஒரு நாலாயிரமாவது குறைத்திருப்பேன்.

வாங்கின பிறகு போனது செகாம்புட்டில் ஒரு பட்டறைக்கு. இந்த ரிவியூவில் பாதி அந்தப் பட்டறையைப் பற்றித்தான், ஏனென்றால் பழைய சொகுசுக் கார் வாங்குகிறவன் காரோடு சேர்த்து ஒரு ஃபோர்மனையும் வாங்குகிறான், காரைவிட அவர்தான் முக்கியம். இவர் ஒரு சர்வீஸ் சென்டரில் 14 வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். தொழிற்பேட்டைச் சந்துக்குள், சீனர் கலவைச் சோற்றுக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே போர்டு வெயிலில் வெளுத்துப் போய் எழுத்தே தெரியாது. உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்று பூனையுடையது.

முதல் நாள் காரைத் தூக்கி, டார்ச் அடித்து, கீழே என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "கியர் எண்ணெய் எப்ப மாத்துனாங்க தம்பி?" என்றார். அது லைஃப்டைம் எண்ணெய், மாற்றவே வேண்டாம் என்று விற்றவர் சொன்னார் என்றேன். சிரித்தார். "அது கியர்பாக்ஸோட லைஃப்டைம். கியர்பாக்ஸ் செத்தா எண்ணெயும் சேர்ந்து செத்துரும், கணக்கு சரிதானே?" என் காரில் இருப்பது ஜெட்எஃப் கம்பெனி கியர்பாக்ஸ், செய்கிற ஜெட்எஃபே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நான் நிற்பது 92,000. எண்ணெய்ச் சட்டியும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, அதனால் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்றால் சட்டியையே தூக்கிப் போட வேண்டும். ஆக 1,900 வெள்ளி. கார் கைக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

அதே மாசத்தில் டயரும் போனது. வந்தவை ரன்ஃபிளாட் டயர்கள், அதாவது காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் ஒரு 80 கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போகலாம், அதனால் காரின் பின்பெட்டியான பூட்டில் ஸ்பேர் டயர் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கச் சுவர் மரக்கட்டை மாதிரி, நம் ஜாலான் ஈப்போவில் வெட்டி மூடின ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் ஏறும். நாலுக்கும் 3,800 கேட்டார்கள். நான் 2,400க்குச் சாதாரண டயர் போட்டுக்கொண்டு பூட்டில் ஒரு காற்று பம்பும் பஞ்சர் பசையும் வைத்திருக்கிறேன். கார் அன்றைக்குத்தான் சொகுசுக் கார் ஆனது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னது: "இதுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாங்க, பாலாவது குடுக்கும்."

பேட்டரி மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை, நெகட்டிவ், பாசிட்டிவ், ஸ்பேனர், பத்து நிமிஷம். இதில் பேட்டரி பின்பெட்டிக்கு அடியில் இருக்கிறது, விலை 1,150, மாற்றின பிறகு கம்ப்யூட்டரை மாட்டி "புது பேட்டரி போட்டிருக்கிறேன்" என்று காருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த மாதிரியே சார்ஜ் கொடுத்துப் புதுசையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

ஆனால் உண்மையான பாடம் காராக் ஹைவேயில்தான் கிடைத்தது, 2024 மார்ச்சில்.

அதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அப்பா சொன்னார், காரில் ஏதோ இனிப்பு வாசனை அடிக்கிறது என்று. நான் கண்டுகொள்ளவில்லை. பத்துமலையிலிருந்து வாங்கி வந்த பஞ்சாமிர்தம் சீட்டுக்கடியில் கொட்டியிருக்கும் என்று தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அது பஞ்சாமிர்தம் இல்லை, இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். கூலண்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனத்துக்கு அப்படியொரு இனிப்பு மணம் உண்டு, எங்கோ மெல்லக் கசிந்து சூடான இரும்பில் பட்டு ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது.

பெந்தோங்கில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கெந்திங் செம்பா ஏற்றத்தில் மஞ்சள் விளக்கு வந்தது, அடுத்த வளைவுக்குள் சிவப்பாகிவிட்டது, இஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் வெள்ளை ஆவி. நான் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் எடுப்பதற்குள் இரண்டு இழுவை லோரிகள் வந்து நின்றுவிட்டன, யார் கூப்பிட்டார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். "பாஸ், கேஎல் வரைக்கும் 700" என்றான் ஒருவன், காரின் லோகோவைப் பார்த்துக்கொண்டே. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்சூரன்ஸ் லோரிக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பாலிசியில் இழுவை இலவசம், அந்த நம்பரை முன்கூட்டியே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த ரிவியூவில் வேறு எதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. அப்பா அந்த ஒன்றரை மணி நேரமும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வாசனை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் பட்டறையில் ஃபோர்மன் கழற்றின குழாயை என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். "அமுக்கிப் பாருங்க." கட்டை விரலால் லேசாக அழுத்தினேன், முறுக்கு நொறுங்குகிற மாதிரி பொடிப் பொடியாக உதிர்ந்தது. பத்து வருஷம் நூறு டிகிரியில் வெந்து, ஆறி, மறுபடி வெந்து, அதிலும் கோலாலம்பூர் ஜாமில் காற்றோட்டமே இல்லாமல் வெந்து, பிளாஸ்டிக் தன் உயிரை விட்டிருக்கிறது. குழாய் விலை 180 வெள்ளிதான். அதைத் தொடுவதற்கு மேலே இருக்கும் பாதி இஞ்சினைக் கழற்ற வேண்டும், அப்படிக் கழற்றும்போதே மின்சார வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் அதே வயசு என்பதால் அதையும் மாற்றாமல் மூடினால் ஆறு மாசத்தில் மறுபடி இதே கூலி கொடுக்க வேண்டும். மொத்தம் 3,600. ஒரு சர்வீஸ் சென்டரில் விலை கேட்டேன், அதே வேலைக்கு 6,400 என்று தாள் கொடுத்தார்கள், ஏசி ஹாலில் நல்ல கோப்பியும் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் ஃபோர்மன் ஒன்று சொன்னார். "காருக்கு வயசாகுது, விலை இறங்குது. ஸ்பேர்பார்ட்டுக்கு வயசே ஆகாது தம்பி. நீங்க எழுபத்தெட்டாயிரத்துக்கு வாங்குனது அதுக்குத் தெரியாது." வாங்குவதற்கு முன்னால் யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது என்பது வேறு.

ஸ்பேர்பார்ட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. சஸ்பென்ஷன் கைகளை லெம்ஃபோர்டர் மாதிரி ஒருவர் செய்கிறார், ஃபில்டரை மான், மாலே மாதிரி ஒருவர். அதே பொருள் கார் லோகோ போட்ட பெட்டியில் வந்தால் ஒரு விலை, செய்தவர் பெட்டியிலேயே வந்தால் இன்னொரு விலை. எனக்கு மாட்டின முன்பக்கக் கீழ்க் கைகளில் லோகோ இருந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்த தடமே தெரிந்தது, ஃபோர்மன் விரலால் தடவிக் காட்டினார். இதுதான் ஓஇஎம், அதாவது செய்தவர் பெட்டியிலேயே வருவது. இதற்கும் கீழே லோக்கல் என்று ஒன்று இருக்கிறது, பாதி விலை, கதவுக் கைப்பிடி, வைப்பர் மாதிரி விஷயங்களுக்குச் சரி, குளிரூட்டும் பாகத்துக்கோ பிரேக்குக்கோ வேண்டாம். ஹாஃப் கட் கடையில் வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி வந்த கார்களிலிருந்து கழற்றியும் வாங்கலாம். ஏசி கம்ப்ரஸருக்கு நான் அதையும் யோசித்தேன், ஆனால் கெட்டுப்போனால் மறுபடி கேஸ், மறுபடி கூலி என்று பயந்து புதுசாகவே போட்டேன், 3,200.

பட்டறையைப் பற்றிக் குறையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தருகிறேன் என்றால் அடுத்த செவ்வாய் என்று அர்த்தம். போன் எடுக்க மாட்டார், எடுத்தால் வைக்க மாட்டார். கார்டு மெஷின் கிடையாது, டுய்ட்நவ் கியூஆர் மட்டும்தான். வாகனத்தைக் கழுவித் தருவதெல்லாம் இல்லை, சில சமயம் ஸ்டியரிங்கில் கறுப்புக் கைரேகையோடுதான் வரும். ஆனால் மாற்றின பழைய பாகம் ஒவ்வொன்றும் பெட்டியில் போட்டு முன்சீட்டில் வைத்திருப்பார், கேட்காமலே. இரண்டு தடவை "இது இன்னும் ஒரு வருஷம் வரும், இப்ப மாத்தாதீங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்காக நான் பூனையோடு நாற்காலியைப் பங்கு போட்டுக்கொள்வேன்.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு: அது பெரிய விஷயமே இல்லை. டவுனுக்குள் நூறு கிலோமீட்டருக்கு 11, 12 லிட்டர், ஹைவேயில் 7. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மலேசிய அடையாள அட்டையான மைகார்டுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ஆகிவிட்டது. ரோட் டேக்ஸும் பயப்படுகிற அளவு இல்லை, 1,997 சிசிக்கு 378 வெள்ளி 50 சென். மனைவியின் 1.5 லிட்டர் மைவி காருக்கு 90தான் என்பதை அவர் வருஷாவருஷம் ஞாபகப்படுத்துவார். ஆனால் இதே காரின் மூன்று லிட்டர் மாடலை மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் ரோட் டேக்ஸே 2,000 தாண்டும், 2,500 சிசிக்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 2 வெள்ளி 50 சென் ஏறுகிறது. சந்தையில் பெரிய இஞ்சின் கார்கள் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணங்களில் ஒன்று இது. இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, என்சிடி, 55 சதவீதம் இருப்பதால் தப்பித்தேன், இருந்தாலும் முன்கண்ணாடியைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். மழை சென்சார் வைத்த கண்ணாடி 3,000, அதைச் சேர்க்க 450. லோரி டயரிலிருந்து தெறிக்கிற ஒரு கல் போதும்.

சொந்தக்காரர்கள் செலவு என்று ஒன்று இருக்கிறது, அது எந்தப் பில்லிலும் வராது. மூன்று வருஷத்தில் ஐந்து கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார். ஒரு கல்யாணத்தில் பானெட்டில் பூவை ஒட்டின டேப்பின் பசையை எடுக்கவே பாலிஷ்காரருக்கு 150 கொடுத்தேன். குழாய் ரிப்பேர் பார்க்க வருகிறவர் வாசலில் காரைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். சித்தப்பா ஒருத்தர் நான் ஏதோ நேரடி விற்பனைத் தொழிலில் இறங்கிவிட்டேன் என்று முடிவு கட்டி, ஒரு வருஷமாக என் போனை எடுப்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்றால், 2025 தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போனதைச் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்குச் செந்தூலை விட்டுக் கிளம்பினோம். தஞ்சோங் மாலிம் தாண்டி மழை பிடித்தது, வைப்பர் முழு வேகத்தில் அடித்தும் முன்னால் போகிற காரின் விளக்கு மங்கலாகத்தான் தெரிகிற மழை. மைவியில் இப்படி ஒரு மழையில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோள்பட்டை வலிக்க ஓட்டியிருக்கிறேன். இதில் கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு தன்பாட்டுக்குப் போகிறது, தேங்கிய தண்ணீரில் ஏறும்போது ஸ்டியரிங்கில் ஒரு சின்ன அதிர்வு வருகிறது, அவ்வளவுதான். மழை விட்ட பிறகு 110ல், எட்டாவது கியரில், இஞ்சின் இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே முனகிக்கொண்டு போனது. பின்னால் பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன, மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு, சத்தம் மிகக் குறைவாக வைத்தும் வரி வரியாகக் கேட்கிறது. இடுப்பு வலிக்காரரான அப்பா சுங்கை பேராக் ஓய்விடத்தில் நிறுத்தட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம், போ என்றார். 350 கிலோமீட்டர், அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்த நிலையை மாற்றிக் கேட்கவில்லை. அதிகாலையில் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன், அவர் தூங்கவில்லை, கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

630 வெள்ளியில் எவ்வளவு இதற்குப் போகிறது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், வீட்டில் இன்னொரு கார் இருந்தால் மட்டும். என் கார் பட்டறையில் பூனையோடு கிடந்த நாட்களில் எங்கள் வீட்டை ஓட்டியது மைவிதான், அதற்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 3,000 வெள்ளிகூட ஆகவில்லை. கார் விலை போகக் கையில் பத்தாயிரம் தனியாக இருக்க வேண்டும், இருக்கிற காசையெல்லாம் முன்பணமாகக் கட்டிவிட்டு முதல் கசிவுக்குக் கடன் அட்டையைத் தேய்க்கிறவர்களை அந்தப் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன், முகமே சரியாக இருக்காது. பத்து வயசு தாண்டின சொகுசுக் காரை முழுக் கடனில் எடுப்பதற்குப் பதிலாகப் புதுசாக ஒரு மைவி எடுத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல காரை வாடகைக்கு எடுத்துப் பினாங்கு போய் வரலாம், எனக்கு அந்த யோசனை இப்போதுதான் வருகிறது.

விற்கலாம் என்றுதான் அந்த வியாபாரியிடம் விலை கேட்டேன். 42,000 என்றதும் கோபம் வந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்துமலை போய்த் திரும்பும்போது அப்பா பின்சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். "பின்னால இடது பக்கம் லேசா தட்டுதுப்பா." நான் கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன், வேகத் தடைகளில் வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செகாம்புட்டுக்குப் போன் போட்டுச் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன்.